மணிவிழாப் பரிசுக்கு கிராஸ் ஸ்டிச்: தமிழ் எழுத்து கட்டத்துக்குள் அடங்க மாட்டேங்குது, நூல் கணக்கும் தெரியலை

வெண்பட்டு கேட்டது:

வணக்கம். அம்மா அப்பாவோட அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடக்கப் போகுது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு கிராஸ் ஸ்டிச் (கட்டத்துக்கு ஒன்றாகப் பெருக்கல் குறி மாதிரி தைக்கிற படம்) செய்து கொடுக்கணும். இன்னும் 11 வாரம் இருக்கு. படத்தை நானே கட்டத்தாளில் போட்டேன், சிக்கலும் அதில்தான்.

துணி கிரீம் நிறம், கடையில் 14 கவுண்ட் என்று சொல்லிக் கொடுத்த மேட்டி துணி. படம் 140 கட்டம் அகலம், 112 கட்டம் உயரம். சுற்றிலும் மெரூனில் கோபுர பார்டர், நடுவில் ஒரு ஜோடி குத்துவிளக்கு, மேலே "சஷ்டியப்த பூர்த்தி", கீழே இரண்டு பெயர், கடைசியில் தேதி. மொத்தம் 6,400 தையல், அதில் மெரூன் மட்டும் 2,900.

1. பெயரில் ண, ன இரண்டும் ஒரே மாதிரி தெரியுது. எழுத்துக்கு எத்தனை கட்ட உயரம் வைக்கணும்?
2. பார்டர் மூலைக்கு வரும்போது கோபுரம் பாதியில் வெட்டுப்படுது.
3. எத்தனை கட்டு நூல் வாங்கணும்? நிற எண் எல்லாம் டிஎம்சி என்ற நூல் கம்பெனியின் எண்ணில் குறித்து வைத்திருக்கேன், இங்கே கடையில் ஆங்கர் கம்பெனி நூல்தான் கிடைக்குது.
4. மெரூன் சாயம் கிரீம் துணியில் இறங்குமா?
5. சட்டம் போடுகிறவர் பலகையில் பசை தடவி ஒட்டித் தருவதாகச் சொல்றார். ஒட்டலாமா?

மூணுசுழி எழுதியது:

எழுத்தும் பார்டரும் நான் சொல்றேன். நூல், துணி விஷயம் பொன்னூசி அக்கா வந்து சொல்வாங்க.

ஆங்கில எழுத்து 7 கட்ட உயரத்தில் அழகா உட்கார்ந்துவிடும். தமிழுக்கு அது பத்தாது, காரணம் சுழி. ஒவ்வொரு சுழிக்குள்ளேயும் குறைந்தது 2 கட்டம் வெறுமையாக இருந்தால்தான் கண்ணுக்குச் சுழியாகத் தெரியும். ஒரே கட்டம் விட்டால், இரண்டு பக்கத்து நூலும் உப்பி அந்த ஓட்டையை அடைத்துவிடும். மூணு சுழி ண-வை எடுத்துக்குங்க. நான்கு சுவருக்கு 4, மூன்று இடைவெளிக்கு 6, கடைசி வளைவுக்கும் காலுக்கும் 3, ஆக 13 கட்டம். ரெண்டு சுழி ன-வுக்கு 3, 4, 3 என்று 10 கட்டம். நீங்க இரண்டையும் 9 கட்டத்துக்குள் அமுக்கியிருப்பீங்க, அதான் ரெண்டும் ஒண்ணாத் தெரியுது.

உயரத்தை மூன்று அடுக்காகப் பிரிங்க. க, ப, ம மாதிரி எழுத்தின் உடம்புக்கு 9 கட்டம். தலைக்கு மேலே சுழிக்கிற ணி, வி போன்றவற்றுக்கும் புள்ளிக்கும் 5 கட்டம். அடியில் இறங்குகிற கு, ரு, ழ வகைக்கு 5 கட்டம். ஆக ஒரு வரிக்கு 19. பெயரில் அடியில் இறங்கும் எழுத்தே இல்லையென்றால் அந்த 5 கட்டம் லாபம். அகலத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு: "கல்யாணி" என்றால் க 9, ல் 11, யா 17, ணி 17, எழுத்துக்கு எழுத்து 2 கட்டம் இடைவெளி என்று கிட்டத்தட்ட 60 கட்டம்.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று. மெய்யெழுத்துப் புள்ளி ஒரே ஒரு முழுத் தையல், அதற்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு கட்டம் கட்டாயம் காலியாக இருக்கணும். ஒட்டி வைத்தால் புள்ளி, கொம்பு மாதிரி ஆகிவிடும். ர-வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் அடியில் இருக்கிற அந்தச் சின்னச் சாய்கோடுதான், அதை 2 கட்டமாவது சாய்வாக இறக்குங்க. கொ, கோ வந்தால் முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால். மூன்றுக்கும் இடையில் 1 கட்டம் மட்டும் விடுங்க, 2 விட்டால் மூன்று தனி எழுத்தாகப் பிரிந்து போகும்.

கணினியில் மெல்லிய எழுத்துருவை எடுத்து நகல் எடுக்காதீங்க. தடித்த, கோடு ஒரே பருமனாக இருக்கிற எழுத்துருவில் அச்செடுத்து, மேலே கட்டத்தாளை வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பாருங்க. பாதிக்கு மேல் கறுப்பு விழுந்த கட்டத்தை மட்டும் நிரப்புங்க. பிறகு கையால் திருத்தணும். இயந்திரம் மாற்றித் தருகிற தமிழ் எழுத்தை அப்படியே தைத்தால் வளைவெல்லாம் படிக்கட்டாக இருக்கும்.

"சஷ்டியப்த பூர்த்தி" பத்து எழுத்து, இந்த அளவில் ஒரே வரியில் உட்காராது. பார்டருக்கு உள்ளே உங்களுக்குக் கிடைப்பது 117 கட்டம்தான் (கணக்கு கீழே இருக்கு). "மணிவிழா" என்று போடுங்க, நாலே எழுத்து. அழகும் அதுதான் என்பது என் கட்சி.

பார்டருக்கு வருவோம். கோபுரம் அடியில் 7, மேலே 5, 3, 1 என்று நாலு வரிசைதானே? ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 1 கட்டம் விட்டால் திரும்பத் திரும்ப வருவது 8 கட்டம். மூலைப் பூவுக்கு இரண்டு பக்கமும் 10, 10 ஒதுக்கினால் 140-இல் மீதி 120. எட்டால் சரியாக வகுபடுதே என்று தோன்றும், ஆனால் மாட்டிக்குவீங்க. 15 கோபுரத்துக்கு நடுவில் 14 இடைவெளிதான், இரண்டு ஓரத்துக்கும் ஒவ்வொரு இடைவெளி சேர்த்தால் 16. 15 × 7 + 16 = 121. அந்த ஒரு கட்டம்தான் மூலையில் இடிக்குது. படத்தின் அகலத்தை 141 ஆக்குங்க. உயரத்துக்கு 11 கோபுரம்: 77 + 12 = 89, மூலைகள் 20, மொத்தம் 109. ஆக 112-ஐ 109 ஆகக் குறையுங்க. 15, 11 இரண்டும் ஒற்றைப்படை, அதனால் ஒவ்வொரு பக்கத்தின் நட்டநடுவிலும் ஒரு கோபுர உச்சி வந்து நிற்கும். பெயர்களை நடுப்படுத்தவும் அதையே அடையாளமாக வைத்துக்கலாம்.

கோபுரத்துக்கு 4, ஓரக்கோட்டுக்கு 2, மூச்சுவிட 6 என்று பக்கத்துக்கு 12 கட்டம் கழித்தால் உள்ளே 117 × 85. மணிவிழா 19, பெயர் இரண்டுக்கு 38, தேதிக்கு 7, நடுவில் இடைவெளி 12 என்றால் 76 ஆச்சு. விளக்கை நடுவில் வைக்க இடமே இல்லை. பெயருக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாக நிறுத்துங்க. பெயர் 60 கட்டம் போனால் பக்கத்துக்கு 28 கிடைக்கும், 21 அகலம் 45 உயரத்தில் விளக்கு தாராளமாக நிற்கும். இரண்டு விளக்கின் முகமும் பெயரைப் பார்த்த மாதிரி, ஒன்றை மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாகப் போடுங்க.

தேதி எண்களுக்கு 5 அகலம், 7 உயரம் போதும்.

பொன்னூசி எழுதியது:

வெண்பட்டு, நூலை வாங்குறதுக்கு முன்னாடி துணியை எண்ணிப் பாருங்கம்மா. 14 கவுண்ட் என்றால் ஒரு அங்குலத்தில் 14 கட்டம். சாதாரண மேட்டி துணியில் பாவு ஒரு எண்ணிக்கை, ஊடை ஒரு எண்ணிக்கை என்று வருவதுண்டு. 4 அங்குலத்துக்கு அளவுகோல் வைத்து நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை எண்ணுங்க. இரண்டிலும் 56 வரணும். இல்லையென்றால் வட்டம் போட்டாலும் முட்டையாகத்தான் வரும்.

சரியாக 14 என்றால் 141 கட்டம் 10 அங்குலத்துக்குத் துளி கூடுதல், 109 கட்டம் 7.8 அங்குலம். நாலு பக்கமும் 3 அங்குலம் விடுங்க. ஆக துணி 16 × 14 அங்குலம். இந்த 3 அங்குலத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, சட்டத்துக்கு இழுத்துக் கட்ட அதுதான் பிடி. வெட்டின உடனே விளிம்பை மடித்து ஓடுதையல் போடுங்க, இல்லை ஜிக்ஜாக் அடிங்க. மேட்டி துணி பிரியத் தொடங்கினால் நிற்காது.

நூல் கணக்கு இப்படி. 14 கவுண்டில் ஒரு கட்டம் 1.8 மி.மீ. முன்பக்கம் இரண்டு மூலைவிட்டம், பின்பக்கம் இரண்டு நேர்கோடு, எல்லாம் சேர்த்து ஒரு முழுத் தையலுக்கு கிட்டத்தட்ட 9 மி.மீ. போகும். மெரூன் 2,900 தையலுக்கு 26 மீட்டர். நூல் முனையில் வீணாவது, பின்பக்கம் சொருகுவது, இடம் மாறிப் போவது எல்லாவற்றுக்கும் 30 சதவீதம் கூட்டினால் 34 மீட்டர். ஒரு கட்டு 8 மீட்டர், அதில் ஆறு இழை. இரண்டு இழையாகத் தைத்தால் ஒரு கட்டு 24 மீட்டர் வேலைக்கு வரும். ஆக ஒண்ணரைக் கட்டுக்கு உள்ளே. நீங்க 3 வாங்கி வைங்க, பிரித்துத் தைக்க நேர்ந்தால் கையில் இருக்கணும். மூன்றும் ஒரே சமயத்தில், ஒரே தடவையில் சாயம் ஏற்றிய கட்டாகப் பார்த்து வாங்கணும். பாதியில் போய் இன்னொரு கட்டு வாங்கினால், எண் ஒன்றாக இருந்தாலும் நிறம் ஒரு துளி மாறி நிற்கலாம். பார்டரில் அது பளிச்சென்று தெரியும்.

டிஎம்சியில் இருந்து ஆங்கருக்கு மாற்றும் பட்டியல் எல்லாமே தோராயம். கறுப்பு 310-க்கு ஆங்கர் 403, சிவப்பு 666-க்கு 46, பச்சை 699-க்கு 923, இதெல்லாம் பிரச்சினையில்லை. மெரூன் 815-க்கு ஒரு பட்டியல் 43 என்கும், இன்னொன்று 44 என்கும். உங்களுக்கு எது பிடிக்குதோ அதை எடுங்க, பக்கத்தில் ஒட்டிவருகிற வேறு சிவப்பு இல்லாதவரைக்கும் கவலையில்லை. ஆபத்து விளக்கில்தான் இருக்கு. பித்தளைக்கு நாலு மஞ்சள் பழுப்பு நிழல் போட்டிருந்தால், அதில் இரண்டு டிஎம்சி எண்ணுக்கு ஒரே ஆங்கர் எண்ணைப் பட்டியல் காட்டலாம். அப்படி ஆனால் விளக்கு தட்டையாகிவிடும். பட்டியலை நம்பாமல் நாலு கட்டையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பாருங்க. கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்க.

ஊசி 24-ஆம் எண், முனை மழுங்கியது. சாதாரணத் தையல் ஊசி வேண்டாம், அது ஓட்டையில் போகாமல் நூலைக் குத்திக் கிழிக்கும். இடைவேளை விடும்போது ஊசியைப் படத்துக்கு நடுவில் குத்தி வைக்காதீங்க. கை வியர்வையில் மேல்பூச்சு போனதும் துரு பிடிக்கும், கிரீம் துணியில் துருக்கறை போகவே போகாது. துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையத்தையும் அன்றன்றைக்குக் கழற்றிடுங்க.

தைக்கத் தொடங்கும்போது முடிச்சு போடாதீங்க. சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது முடிச்சு முன்பக்கம் மேடாகத் தெரியும். இரண்டு இழைக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. 90 செ.மீ. நீளத்தில் ஒரே ஒரு இழையை உருவுங்க. மற்ற ஐந்தையும் விரலால் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் நேராக மேலே இழுத்தால் சிக்காது. அதை இரண்டாக மடித்து, வெட்டின இரு முனையையும் ஊசியில் கோருங்க. மறுமுனையில் காது மாதிரி ஒரு வளையம் இருக்கும். கீழிருந்து ஊசியை மேலே கொண்டுவந்து மூலைவிட்டமாகக் கீழே இறக்கும்போது, பின்பக்கம் அந்தக் காதுக்குள் ஊசியை விட்டு இழுங்க. பூட்டிக்கும். முடிக்கும்போது பின்பக்கத்தில் நாலைந்து தையலுக்கு அடியில் சொருகி வெட்டினால் போதும்.

ஒரு தையலின் இரண்டு சாய்கோட்டில் அடியில் விழுவது முதல் கால், அதன் மேல் விழுவது மேல்கால். முதல் கால் கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்குப் போனால், 6,400 தையலிலும் அப்படியே போகணும். மேல்கால் எல்லாம் ஒரே திசையில் படுத்தால்தான் வெளிச்சம் ஒரே சீராக விழும். துணியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து பார்டர் தைக்கிறபோதுதான் இந்தத் தப்பு நடக்கும். துணியின் மேல்பக்க ஓரத்தில் ஒரு பச்சை நூலைக் கட்டி வைங்க, எந்தப் பக்கம் மேலே என்று அது சொல்லும். மெரூன் மாதிரி நீள வரிசைக்கு முதல் கால்களை மட்டும் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மேல்கால் போடுங்க. தனித்தனியாகச் சிதறிக் கிடக்கிற தையலை ஒவ்வொன்றாக முடிங்க. ஏழெட்டுத் தையலுக்கு ஒருமுறை ஊசியை அந்தரத்தில் தொங்க விட்டால் முறுக்கு தானாகப் பிரியும். முறுக்கோடு தைத்தால் இரண்டு இழை ஒரு கயிறாகி, கட்டத்தை மூடாமல் நடுவில் துணி எட்டிப் பார்க்கும்.

மெரூன் நூலைப் பின்பக்கத்தில் மூன்று கட்டத்துக்கு மேல் தாண்ட விடாதீங்க. அங்கே முன்பக்கம் வெறும் துணியாக இருந்தால் நிழல் மாதிரி தெரியும். வெட்டி மறுபடி தொடங்குங்க.

பத்து பத்துக் கட்டமாகக் கோடு போட்டுக்கொள்வது அவசியம். பார்டர் சுற்றி வந்து கடைசியில் ஒரு கட்டம் தள்ளி நிற்கிற கொடுமைக்கு அதுதான் தடுப்பு. நீரில் அழிகிற நீலப் பேனா நல்லது, ஆனால் அலசும்வரை இஸ்திரி காட்டக்கூடாது, சூடு பட்டால் நீலம் தங்கிவிடும். சூட்டில் மறைகிற பேனா இந்த வேலைக்கு வேண்டாம். மறைந்த மை கடுங்குளிரில் திரும்பவும் தெரியும்; கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ பரிசு அனுப்பினால் பெட்டியைத் திறக்கும்போது கோடு கோடாக இருக்கும். என் தேர்வு தூண்டில் நரம்பு. மெல்லியதாக வாங்கி ஓடுதையலாக ஓட்டினால், ஊசி அதைக் குத்தாது, கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

நேரக் கணக்கையும் சொல்லிடறேன். பழகாத கைக்கு மணிக்கு 80, பழகின கைக்கு 100 தையல். 6,400-க்கு 64 முதல் 80 மணி. விளக்குக்கு வெளிக்கோடு போட இன்னும் 8 மணி. துவைக்க, காய, சட்டம் போட கடைசி 2 வாரத்தை ஒதுக்கினால் 63 நாள் இருக்கு. தினமும் ஒண்ணரை மணி உட்கார்ந்தால் முடியும். பார்டரை முதலில் முடிக்காதீங்க, பெயர், விளக்கு, கடைசியாக பார்டர். நேரம் போதலைன்னா பார்டரில் ஓரக்கோட்டை விட்டுடலாம், பெயரை விட முடியுமா?

கடல்மல்லி எழுதியது:

விளக்குக்கு ஜரிகை நூல் கலந்து தைத்தால் பளபளன்னு இருக்கும். மெரூனுக்கு முதல்லயே உப்புத் தண்ணியில ஊறவைச்சிடுங்க, சாயம் நின்னுடும்.

பொன்னூசி எழுதியது:

ஜரிகை வேண்டாம்னு சொல்லமாட்டேன், ஆனா முழு விளக்குக்கும் வேண்டாம். உலோக நூல் மேட்டி துணியின் ஓட்டையில் உரசி உரசிப் பிசிறும். சுடருக்கும் விளக்கின் விளிம்புக்கும் மட்டும் போடுங்க. 30 செ.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம், ஊசி ஒரு அளவு பெரியது, 22 (எண் குறைந்தால் ஊசி பெரிது). இஸ்திரியில் நேரடிச் சூடு காட்டக்கூடாது. சுடருக்கு வெளிர்மஞ்சள் போட்டால் கிரீம் துணியில் கரைந்துபோகும், ஒற்றை இழையில் செம்பழுப்பு வெளிக்கோடு கொடுத்தால்தான் சுடர் நிற்கும்.

நீலஅவுரி எழுதியது:

உப்பு விஷயத்தில் கடல்மல்லி சொன்னதோடு எனக்கு உடன்பாடு இல்லை. உப்பு சாயத்தொட்டியில் இருக்கும்போது சாயத்தை நூல் பக்கம் தள்ளும், அவ்வளவுதான். ஏற்கெனவே சாயம் ஏற்றி விற்கிற நூலில் ஒட்டாமல் மேலே தங்கியிருக்கிற மிச்சச் சாயத்தை உப்பும் பிடித்து வைக்காது, வினிகரும் பிடித்து வைக்காது. பருத்தி நூலில் அந்த மிச்சம் கழுவித்தான் போகணும்.

அதனால் முதலில் சோதனை. மெரூன் நூலில் விரல் நீளம் வெட்டி, ஈரமான வெள்ளைப் பருத்தித் துணிக்கு நடுவில் வைத்து மடித்து, மேலே ஒரு கனமான பொருளை வைத்து அரை மணி விடுங்க. கறை இல்லையென்றால் அப்படியே தையுங்க. இளஞ்சிவப்பு இறங்கினால், கட்டை அவிழ்க்காமல் இரண்டு இடத்தில் வெள்ளை நூலால் தளர்வாகக் கட்டி, தண்ணீர் நிறம் மாறாத வரை குளிர்ந்த நீரில் மாற்றி மாற்றி அலசி, நிழலில் காயப் போடுங்க. மேலே சுற்றியிருக்கிற காகிதத்தைக் கழற்றும்போது நிற எண்ணை எழுதி வைக்க மறக்காதீங்க.

தைத்து முடித்த பிறகு துவைப்பது இப்படி: அகலமான பாத்திரத்தில் நிறையக் குளிர்ந்த நீர், சோப்பு இல்லாமல் முதல் அலசல். நீலப் பேனாக் கோடு இருந்தால் அது இந்தத் தண்ணீரிலேயே போகணும், சோப்பு அதற்கு அப்புறம்தான். பிறகு மென்மையான திரவ சோப்பு சில துளி. வெண்மையாக்கும் பொடி சேர்த்த சலவைத்தூள் வேண்டாம், கிரீம் துணி திட்டுத் திட்டாக வெளுக்கும். கசக்காமல், பிழியாமல், தண்ணீரில் ஆட்டுங்க. தண்ணீர் சிவந்தால் பதறாமல் உடனே தண்ணீரை மாற்றுங்க. கறை ஈரமாக இருக்கும்வரை போகும், காய்ந்துவிட்டால் கடினம், இஸ்திரி பட்டால் கதை முடிந்தது. சாயம் இறங்குகிற துணியை ஈரத்தோடு மடித்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகக்கூடாது, மெரூன் பெயரின் அச்சு விளக்கின் மேல் விழும். வீட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் என்றால் கடைசி அலசல் மட்டும் குடிநீரில்.

காய வைக்கப் பருத்தித் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, இன்னும் லேசான ஈரம் இருக்கும்போதே கனமான டர்க்கி டவலின் மேல் படத்தைக் குப்புறப் போட்டு, பின்பக்கமிருந்து இஸ்திரி. முன்பக்கம் தேய்த்தால் தையல் தட்டையாகி மெழுகு பூசின மாதிரி மினுங்கும்.

விசேஷ வீடு என்பதால் இன்னொன்று. யாராவது மஞ்சள் கையோடு தொட்டால் சோப்பு போட்டதும் அந்த இடம் ரத்தச் சிவப்பாக மாறும். மஞ்சளுக்குக் காரம் பட்டால் அப்படித்தான் ஆகும், துணி கெட்டுப்போகவில்லை. சோப்பு நீங்க அலசினால் திரும்ப மஞ்சளாகும், வெயிலில் ஓரிரு மணி வைத்தால் வெளுத்துவிடும். குங்குமம் அப்படியில்லை, கடைக் குங்குமத்தில் சாயம் இருக்கலாம். ஈரக்கையால் துடைக்காமல் முதலில் ஊதி, தட்டி, உதறணும்.

சட்டகம் எழுதியது:

பசை வேண்டாம். ஒட்டிக் கொடுக்கும் அன்றைக்கு நன்றாக இருக்கும். பசை துணியின் ஓட்டை வழியே முன்பக்கம் கசியும், நாளாக ஆகப் பழுக்கும், ஈரக்காற்று ஊரில் குமிழ் குமிழாக விட்டும் போகும். அதைவிட மோசம், ஒருமுறை ஒட்டியதைத் துவைக்கவே முடியாது. செல்லோ டேப்புக்கும் இதே தீர்ப்பு.

அமிலம் இல்லாத 5 மி.மீ. ஃபோம் பலகை வாங்கி 12 × 10 அங்குலத்துக்கு வெட்டுங்க. படம் 10 × 7.8, சுற்றிலும் ஒரு அங்குலம் கிரீம் துணி தெரியும். பலகையின் நாலு பக்கத்திலும் நடுப்புள்ளியைக் குறிங்க. படத்தின் நடுக்கோபுர உச்சியை அதோடு பொருத்தி, பலகையின் தடிமனுக்குள் துருப்பிடிக்காத எஃகு குண்டூசியை நேராகக் குத்துங்க. நடுவில் தொடங்கி எதிர்ப்பக்கம் ஒன்று, பிறகு இடது ஒன்று, வலது ஒன்று என்று மாறி மாறிப் போகணும். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் படம் சாய்ந்துவிடும். நாலைந்து கட்டத்துக்கு ஒரு குண்டூசி. எல்லா ஊசியும் துணியின் ஒரே ஓட்டை வரிசையில் இறங்குதா என்று பாருங்க, அந்த வரிசைதான் உங்கள் அளவுகோல்.

அப்புறம் பின்பக்கம் மடித்து, உறுதியான பாலியெஸ்டர் நூலால் எதிரெதிர் ஓரத்தை ஷூ லேஸ் மாதிரி இழுத்துக் கட்டுங்க, 1.5 செ.மீ.க்கு ஒரு தையல். முதலில் நீளப்பக்கம், பிறகு குறுகிய பக்கம். இதற்குத்தான் அந்த 3 அங்குலம். மெரூன் பின்னால் தாண்டியிருந்தால், பலகைக்கும் துணிக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கட்டி முடித்து, கடைக்காரரிடம் "இதை அப்படியே சட்டத்தில் இறக்குங்க, பிரிக்காதீங்க" என்று கொடுக்கணும். கண்ணாடி தையலைத் தொடக்கூடாது. உள்ளே ஈரம் வேர்த்தால் நூல் அதை உறிஞ்சிப் பூஞ்சைப் புள்ளி வரும். மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி, கண்ணாடிக்கு அடியில் வைக்கிற அட்டை) ஒன்றோ, ஓரத்தில் 3 மி.மீ. கட்டையோ கொடுத்தால் இடைவெளி கிடைக்கும். திருக்கடையூர் வரை கொண்டுபோய்த் திரும்புவதாக இருந்தால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடுங்க. என்னைக் கேட்டால் கோயிலுக்கு எடுத்துப் போகவே வேண்டாம், வீட்டில் கொடுங்க.

வெண்பட்டு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. துணியை எண்ணிப் பார்த்தேன். ஒரு வாக்கில் 4 அங்குலத்துக்கு 56, குறுக்கில் 53. துணியைத் தூக்கிப் போடணுமா? அப்புறம், செய்தவர் பெயரை முன்பக்கத்தில் போடுவது வழக்கமா, இல்லை தற்பெருமையாகத் தெரியுமா?

பொன்னூசி எழுதியது:

தூக்கிப் போட வேண்டாம்மா, திருப்பிப் போடுங்க. 53 வருகிற பக்கத்தில் கட்டம் கொஞ்சம் நீளம், ஒரு அங்குலத்துக்கு 13.25. அதை அகலவாக்கில் வைத்தால் 141 கட்டம் 10.6 அங்குலமாகி, விளக்கும் எழுத்தும் குட்டையாக, குண்டாகத் தெரியும். உயரவாக்கில் வைத்தால் 109 கட்டம் 8.2 அங்குலம். விளக்கு கொஞ்சம் ஒல்லியாக உயர்ந்து நிற்கும், குத்துவிளக்குக்கு அது அழகுதான். மூலைப் பூ வட்டமாக இருந்தால் மட்டும் முட்டையாகும், அதை நாலு இதழ்ப் பூவாக மாற்றுங்க. ஃபோம் பலகையை 12 × 10.25 ஆக வெட்டச் சொல்லுங்க.

மூணுசுழி எழுதியது:

பெயர் போடுவது பழைய வழக்கம். தேதி போட்டுக் கிடைத்திருக்கிற பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் (தையல் வகைகளைத் தைத்துக் காட்டுகிற துணி) மிகப் பழையது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கு, 1598-இல் ஜேன் பாஸ்டாக் என்பவர் தைத்தது. அதில் ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தாள் என்று இருக்கு, தைத்தவர் பெயரும் ஆண்டும் அதிலேயே இருக்கு. கிழமையும் வேளையும் வரைக்கும் தைத்திருக்கார் பாருங்க. நீங்களும் தேதியோடு கிழமையைச் சேர்க்கலாம், இடம் இருக்கு.

உங்கள் பெயரை வலது கீழ் மூலையில், பார்டருக்கு உள்ளே, கிரீமைவிட ஒரு நிழல் மட்டும் அடர்ந்த மணல் நிறத்தில், ஒற்றை இழைப் பின்தையலில் (கோடு மாதிரி தொடர்ந்து போகிற தையல்) போடுங்க. பின்தையலுக்குக் கட்டத்தை நிரப்பும் கட்டாயம் இல்லை, ஓட்டைக்கு ஓட்டை சாய்வாகப் போகலாம், அதனால் 6 கட்ட உயரத்திலேயே சுழி வரும். ண வந்தால் 9 அகலம் கொடுங்க. புள்ளிக்கு ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிப் போடுகிற பிரெஞ்சு முடிச்சு, ஊசி ஏறிய ஓட்டையிலேயே இறங்காமல் பக்கத்து இழையைத் தாண்டி இறங்கணும், இல்லைன்னா முடிச்சு பின்பக்கம் உருவிக்கொண்டு போய்விடும்.